சைலன்சர் போட்ட துவக்கு சத்தம் போடாதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சேர், படங்களில் கைத்துப்பாக்கியின் முனையில் ஒரு குழாயைத் திருகிவிட்டுச் சுடுகிறார்கள், "புஸ்" என்று மட்டும் கேட்கிறது, பக்கத்து அறையில் இருப்பவர் பேப்பர் வாசித்துக்கொண்டே இருக்கிறார். உண்மையிலும் அப்படித்தானா? சத்தம் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும் என்று ஒரு இடத்தில் வாசித்தேன்.
– உயர்தர மாணவன், கொக்குவில்

பதில்: இல்லை தம்பி. நீங்கள் வாசித்த ஆயிரத்தில் ஒரு பங்கு சரி, ஆனால் அதை வைத்து நீங்கள் போய்ச் சேர்ந்த இடம் பிழை.

ஒரு ரைபிள் வெடித்தால் சுடுபவரின் காதருகே ஏறத்தாழ 160 டெசிபெல்லுக்கு மேல் போகும். நல்ல சைலன்சர் அதில் 20 தொடக்கம் 35 வரை குறைக்கும். 30 குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், பாடத்தில் படித்தபடி ஒலிச்செறிவு ஆயிரத்தில் ஒன்றாகிவிட்டது. ஆனால் நம்முடைய காது அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை, 10 டெசிபெல் குறைந்தால் அதற்குச் சத்தம் பாதியானதுபோலத்தான் இருக்கும், ஆகவே 30 குறைந்தால் எட்டில் ஒரு பங்கு. மிஞ்சி நிற்பது 130 டெசிபெல், காதோரம் அடிக்கும் தவிலையும் விடப் பெரிய சத்தம். பேப்பர் வாசிக்கிறவர் கதிரையோடு துள்ளி எழும்பியிருப்பார்!

அப்புறம், சுடும்போது வருவது ஒரேயொரு சத்தம் அல்ல. வெடிமருந்து எரிந்த வாயு பெரும் அழுத்தத்தோடு குழல் வாயால் பீறிட்டு வருவது ஒன்று, துவக்கின் இரும்புப் பாகங்கள் அடித்துக்கொள்வது இன்னொன்று, சன்னம் ஒலியை மிஞ்சிப் பறப்பதால் காற்றைக் கிழித்து வரும் வெடிப்பு மூன்றாவது. சைலன்சர் கைவைப்பது முதலாவதில் மட்டும்தான். உள்ளே தடுப்புத் தகடுகளும் இடைவெளிகளும் இருக்கும், வாயு அவற்றுக்குள் விரிந்து, சுழன்று, கொஞ்சம் சூடு தணிந்து, ஒரே அடியாக வெளியே பாயாமல் சற்று நேரமெடுத்துப் போகும். சன்னம் அதற்கு முன்பே வெளியே போய்விட்டது, அதன் வேகத்தைப் பெரிதாக எதுவும் மாற்றவில்லை. நம்முடைய வெயிலில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 350 மீற்றர் அளவு, ரைபிள் சன்னங்களோ 700, 900 என்று போகின்றன, ஆகவே அந்த மூன்றாவது வெடிப்பு அப்படியே இருக்கும்.

அதை நிறுத்த வேண்டுமென்றால் ஒலியைவிட மெதுவாகப் போகும் சன்னம் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் இரகசிய வேலைகளுக்காகச் செய்த வெல்ரொட் கைத்துப்பாக்கி அப்படிப்பட்டது. மெதுவான சன்னம், தானாக அடுத்ததை ஏற்றும் பொறியும் இல்லை, ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்து ஏற்ற வேண்டும், அதனால் இரும்புச் சத்தமும் இல்லை. படத்தில் வருவதற்குக் கிட்டவாக ஏதாவது இருந்தது என்றால் அதுதான், அதற்கு அவர்கள் கொடுத்த விலை தூரமும் வேகமும்.

கேள்வி: அப்படி என்றால் இராணுவங்கள் ஏன் இதற்கு இவ்வளவு செலவழிக்கின்றன? சத்தம்தான் கேட்கிறதே?
– வாசகி, பருத்தித்துறை

பதில்: கேட்கும், ஆனால் எங்கேயிருந்து என்று தெரியாது. அம்மா, இதை விளக்க நமக்குப் புத்தகம் தேவையில்லை, இங்கே நாற்பது வயதைத் தாண்டிய எவரையும் கேளுங்கள்.

1990இல் யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த மாதங்களில் நான் சிறு பையன். அம்மம்மா பங்கர் வாசலில் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பா. தூரத்தில் "தும்" என்று செல் எனும் எறிகணையைக் குத்தி ஏவும் சத்தம் கேட்டதும் "குத்திப்போட்டான், உள்ளுக்கு வாங்கோ" என்பா, நாங்கள் உள்ளே பாய்ந்த பிறகுதான் செல் வந்து விழும். சன்னத்தில் இது மறுவளமாக நடக்கும். முதலில் தலைக்கு மேலே "டிக்" என்று ஒரு வெடிப்பு, அதற்குப் பிறகு தூரத்தில் ஒரு "டும்". அந்தப் பிந்திய "டும்" தான் சுட்டவர் இருக்கும் திசையைக் காட்டிக்கொடுப்பது, இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்துத் தூரத்தைக்கூடப் பெரியவர்கள் ஓரளவு சொல்லிவிடுவார்கள். முந்திய "டிக்" சன்னத்தின் பாதையிலிருந்து வருவது, அதை நம்பித் திரும்பினால் பிழையான பக்கம்தான் பார்ப்போம்.

தூரத்தில் நிற்பவருக்குச் சைலன்சர் அழிப்பது அந்த "டும்"மைத்தான். கேட்பவர் காதில் மிஞ்சுவது "டிக்" மட்டும். எந்த வேலியின் பின்னால், எந்த வடலிக்குள் என்று சொல்ல ஒன்றும் இல்லை. குழல் முனையில் தெரியும் நெருப்பும் குறைந்துவிடும், இரவில் அது பெரிய விஷயம். எனக்கு இந்தப் பொருளைப் பற்றி உண்மையான பயம் இருப்பது இந்த இடத்தில்தான். ஒரு சனம் முழுவதும் காதை நம்பி உயிர் தப்பியது, அந்தக் காதுக்குப் பொய் சொல்லும் கருவி இது.

ஆனால் இராணுவங்கள் இன்று சொல்லும் காரணம் வேறும் இருக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது. சுடுபவர்களின் காது பழுதாகிறது, பக்கத்தில் நிற்பவரின் கட்டளை கேட்பதில்லை. முன்பு பெரும்பாலும் விசேட படைகளிடம் இருந்ததை அமெரிக்க மரைன் படை 2020இன் கடைசியில் தொடங்கித் தன் காலாட் பிரிவுகளுக்கெல்லாம் கொடுக்க ஆரம்பித்தது. 2022இல் அமெரிக்கத் தரைப்படை தெரிவு செய்த புதிய ரைபிளும் சைலன்சரோடுதான் வந்தது. பாரம் கூடும், துவக்கு நீளும், தொடர்ந்து சுட்டால் குழாய் கொதிக்கும், வாயு திரும்பிச் சுடுபவரின் முகத்துக்கே அடிக்கும், இருந்தும் வாங்குகிறார்கள்.

கேள்வி: மோட்டார் சைக்கிள் சைலன்சரும் இதுவும் ஒன்றா?
– கராஜ் வைத்திருப்பவர், சாவகச்சேரி

பதில்: ஒரே யோசனைதான். 1909இல் துவக்குச் சைலன்சருக்குக் காப்புரிமை எடுத்த ஹிராம் பெர்சி மாக்சிம் என்ற அமெரிக்கர், வாகன இயந்திரங்களின் புகைச் சத்தத்தை அடக்குவதிலும் வேலை செய்தவர். அவருடைய தகப்பனார் யார் தெரியுமா? 1884இல் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர், கடைசிக் காலத்தில் காது நன்றாகக் கேளாமல் இருந்தவர். தகப்பன் உலகத்துக்குக் கொடுத்த சத்தத்தை மகன் அடக்கப் பார்த்தார் என்பதை வாசித்த நாளில் எனக்கு மனதுக்கு ஒருமாதிரி இருந்தது. உங்கள் கராஜுக்கு வந்து சைலன்சரைக் கழற்றித் தரச் சொல்லும் பெடியளுக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் பளைப் பக்கம் தோட்டம் செய்கிறேன். பன்றிக்கு அனுமதிப்பத்திரத்தோடு சொட்கன் வைத்திருக்கிறேன். வெடி வைத்தால் இரண்டு நாளைக்குக் காது கூவுகிறது. வெளிநாட்டில் வேட்டைக்காரர் சைலன்சர் பாவிக்கிறார்களாமே, நானும் ஒன்று செய்விக்கலாமா?
– விவசாயி

பதில்: ஓம், பாவிக்கிறார்கள். நோர்வேயிலும் பின்லாந்திலும் வேட்டைக்கு அது சாதாரணப் பொருள், காதுக்கும் நல்லது, அயலுக்கும் தொந்தரவு குறைவு என்று பார்க்கிறார்கள். அமெரிக்காவில் 1934இலிருந்து பதிவும் 200 டொலர் வரியும் இருந்தது, 2026 ஜனவரி முதல் வரி பூச்சியமாகிவிட்டது, பதிவு இருக்கிறது. ஆனால் அண்ணை, அது அவர்களுடைய நாடு, அவர்களுடைய சட்டம். இங்கே 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தந்த அனுமதியோடு இருக்கும் துவக்கில் லேத்தில் செய்வித்த எதையும் பொருத்த நினைக்கவே வேண்டாம். வழக்கு ஒரு பக்கம், குழலுக்கு நேராக நிற்காத ஒன்றில் சன்னம் தட்டினால் கை போகும், கண் போகும்.

உங்களுக்கு வேண்டியது காதுக் கவசம், ஹாட்வெயார் கடைகளில் கிரைண்டர் வேலைக்கு விற்கிற அதே சாமான். உள்ளே செருகும் நுரைப்பஞ்சு அடைப்பானையும் போட்டு, அதற்கு மேலே கவசத்தையும் போடுங்கள். 140 டெசிபெல்லைத் தாண்டும் ஒரேயொரு வெடி போதும், உட்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்க்கலங்கள் சாக, செத்தது திரும்ப முளைக்காது. அயலில் விழுந்த ஒரு செல்லுக்குப் பிறகு என் வலது காது இன்றைக்கும் இரவில் கூவுகிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இரண்டு நாள் கூவல் என்று எழுதியிருக்கிறீர்கள், அடுத்த பன்றி வருமட்டும் பார்த்துக்கொண்டிராமல் இந்தக் கிழமையே காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போய்க் காட்டுங்கள்.