தண்ணீர் கேள்வி–பதில்: மணல்மேட்டில் ஏன் ஊர் வைத்தார்கள்?

கேள்வி: மலைப்பகுதிகளில் ஊற்று இருக்கும் இடம் பார்த்துத்தான் ஊர் அமைத்தார்கள் என்று படித்தேன். மலையே இல்லாத நம் ராமநாதபுரம் கடற்கரையில் எதைப் பார்த்து இடம் பிடித்தார்கள்? கடலோர ஊர்கள் மணல்மேட்டிலும், உள்ளே இருப்பவை கண்மாய்க்கரையிலும் இருக்கின்றனவே?
– வாசகர், பெரியபட்டினம்

பதில்: இங்கேயும் நல்ல தண்ணீர்தான் இடம் காட்டியது. மணல்மேட்டில் பெய்யும் மழை ஓடிவிடாமல் உள்ளே இறங்கும். உப்புநீரைவிட எடை குறைவு என்பதால் அதன் மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் என்பது கணக்கு. இருபுறமும் கடல் இருந்தும் தனுஷ்கோடியில் மணலைத் தோண்டிக் குடிநீர் எடுக்க முடிவது இதனால்தான். மேடு எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு நீர் தங்கும்.

இதே கணக்கு திருப்பியும் அடிக்கும். நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். அதனால் தண்ணீர் கசியத் தொடங்கியதும் இரண்டு, மூன்று அடிக்கு மேல் தோண்டாமல் உறை (கிணற்று வளையம்) இறக்கி நிறுத்த வேண்டும். ஒரே ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் போட்டு இழுப்பதைவிட, தள்ளித்தள்ளி நான்கு ஆழமில்லாத கிணறுகளில் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதே சரி. கரித்துவிட்டால் இறைப்பதை நிறுத்தி மழைக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

உள்ளே போனால் பல இடங்களில் களிமண், அடிநீரும் உவர்ப்பு. அங்கே ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்தால்தான் பிழைப்பு. வைகை கடைசியில் வந்து சேரும் ராமநாதபுரம் பெரிய கண்மாயும், ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பேர்பெற்ற ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயும் அப்படிப் பிடித்து வைத்தவைதான். ஆனால் கண்மாய் வயலுக்கு; குடிக்க ஊருணி.

கேள்வி: ஊருணியைப் பொக்லைன் வைத்து ஆழப்படுத்தினோம். அதன்பிறகு தண்ணீர் கரிக்கிறது. ஏன்?
– வாசகர், திருவாடானை

பதில்: பெரும்பாலும் அடிக்களியை வெட்டித் தள்ளியிருப்பார்கள். அதுதான் கீழேயுள்ள உவர்ப்பைத் தடுத்து நின்ற மூடி. கோடையில் வற்றியதும் நல்ல களிமண்ணை அரை அடி அரை அடியாகப் பரப்பி, நனைத்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். மொத்தம் ஓர் அடியாவது வேண்டும். ஊருணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் உவர்நிலத்தின் வழியே வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் களி போட்டும் பயனில்லை. இனித் தூர்வாருமுன் மூலையில் சோதனைக்குழி எடுத்து, வண்டல் முடிந்து களி தொடங்கும் இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

ஆழத்தில் கிடைக்காததைப் பரப்பில்தான் எடுக்க வேண்டும். 100 வீடு, வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 50 லிட்டர், 240 நாள் என்றால் 12 லட்சம் லிட்டர். 40க்கு 30 மீட்டர் ஊருணியில் இது ஒரு மீட்டர் உயரத் தண்ணீர். வெயில் குடிப்பது நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் அதே 240 நாளில் 1.2 மீட்டர். ஆக, நாம் குடிப்பதைவிட வெயில் குடிப்பது அதிகம். இரண்டும் சேர்ந்து 2.2 மீட்டர்; கரை சரிவதால் அடியில் பரப்பு குறைவதையும் கணக்கில் சேர்த்தால், நிரம்பும்போது நீரின் ஆழம் இரண்டரை மீட்டருக்குக் குறைந்தால் அடுத்த ஐப்பசி வரை தாங்காது.