கட்டுநாயக்க வானிலையும் அட்டன் பனிமூட்டமும்

கேள்வி (டிக்கோயா வாசகர்): வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் மென்பொருளான மைக்ரோசொப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 வைத்திருக்கிறேன். அதனுடன் வரும் நேரடி வானிலை (அந்நேரத்து உண்மை வானிலையைத் திரையில் காட்டும் வசதி) போதாது, அக்டிவ் ஸ்கை அல்லது ரெக்ஸ் வெதர் ஃபோர்ஸ் வாங்கு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கட்டுநாயக்கவிலிருந்து புறப்பட்டு எங்கள் மலைகளின் மேல் சிறு விமானத்தில் பறப்பதுதான் என் விருப்பம். இரண்டில் எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் விருப்பம் அதுவாக மட்டும் இருந்தால், இப்போதைக்கு இரண்டையுமே வாங்க வேண்டியதில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

நீங்கள் குறிப்பிட்ட இரண்டு துணை மென்பொருள்களும் தரைமட்ட வானிலைக்குப் பெரிதும் நம்பியிருப்பது, விமான நிலையங்கள் அரைமணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை வெளியிடும் மெட்டார் என்னும் அறிக்கையை. காற்றின் திசையும் வேகமும், பார்வைத் தூரம், மேகத்தின் அடிமட்ட உயரம், வெப்பநிலை, அமுக்கம் ஆகிய அனைத்தும் அந்த ஓரிரு வரிக்குள் அடங்கிவிடும். இலங்கையில் கட்டுநாயக்க, மத்தள போன்ற விமான நிலையங்கள் அதனை வெளியிடுகின்றன. மலையகத்தில் அப்படி ஒரு நிலையம்கூட இல்லை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அவதான நிலையங்கள் நுவரெலியாவிலும் பதுளையிலும் பண்டாரவளையிலும் இருக்கின்றன என்றாலும், அவை மெட்டார் வெளியிடும் நிலையங்கள் அல்ல. ஆகவே அட்டனுக்கு மேலே நீங்கள் பறக்கும்போது, மெட்டாரை நம்பும் மென்பொருள் நேர்கோட்டில் ஏறத்தாழ 85 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள, கடல்மட்டத்தை ஒட்டிய கட்டுநாயக்கவின் வானிலையைத்தான் இழுத்து நீட்டித் தருகிறது.

இதன் விளைவை நானே ஒரு யூலை மாதப் பிற்பகலில் பார்த்தேன். வெளியே தென்மேற்குப் பருவக்காற்றின் பனிமூட்டம் இறங்கி, முற்றத்துக்கு எதிரேயிருந்த தேயிலை மலை முழுவதுமாக மறைந்துவிட்டது. பத்தடிக்கு அப்பால் நின்ற சவுக்கு மரம்கூடச் சாம்பல் நிறக் கோடாகத்தான் தெரிந்தது. அதே நேரத்தில் திரையிலோ, செஸ்னா 172 விமானத்தின் கண்ணாடி வழியே அட்டன் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. கட்டுநாயக்க அறிக்கை 2,000 அடியில் சிதறிய மேகம் என்றும், பார்வைத் தூரம் 10 கிலோமீற்றர் அல்லது அதற்கு மேல் என்றும் சொல்லியிருந்தது. அட்டனோ 4,000 அடிக்கு மேலே இருப்பதால், அந்த மேகம் கினிகத்தேனைப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளை நிரப்பிக்கொண்டு எங்கள் ஊருக்குக் கீழே கிடந்தது. காட்சி அழகாகத்தான் இருந்தது, பொய் என்பதுதான் குறை.

உங்களிடம் ஏற்கெனவே உள்ள நேரடி வானிலை, மீற்றியோபுளூ நிறுவனத்தின் கணிப்பு மாதிரியை, அதாவது வானிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரலைக் கொண்டு இயங்குகிறது. 2021 நவம்பரில் வந்த புதுப்பித்தலுக்குப் பிறகு மெட்டாரும் அதனுடன் கலக்கப்படுகிறது. அதன் பிறகு விமான நிலையங்களைச் சுற்றி வட்டமாக வேறொரு வானம் தெரிகிறது என்று பலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். மெட்டாரே இல்லாத மலையகத்தில் அந்தத் தொல்லை குறைவு, மாதிரியின் கணக்கே மேலோங்கி நிற்கும். அடிவாரத்திலிருந்து ஏறும் ஈரக்காற்று மலையில் மேகமாவது அந்தக் கணக்கில் ஓரளவேனும் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தச் சிமுலேட்டரில் வெளி மென்பொருள்கள் வானிலையை இடத்துக்கு இடம் வெவ்வேறாகப் புகுத்துவதற்கு வழி திறந்துவிடப்படவில்லை. அவை முன்னமைப்புக் கோப்புகளை மாற்றியே வேலை செய்கின்றன; அதனால் நீங்கள் இருக்கும் இடத்து வானிலையே கண்ணுக்கெட்டும் தூரம்வரை பரவிவிடும். அட்டனில் மழையும் பதுளையில் வெயிலுமாக ஒரே நேரத்தில் காண்பது அவற்றில் கடினம். கட்டுநாயக்கவிலிருந்து சிங்கப்பூருக்கு ஜெட் விமானம் ஓட்டுபவருக்கு அக்டிவ் ஸ்கை தரும் கடந்தகால வானிலை வசதியும் துல்லியமான அறிக்கையும் பணத்துக்கு ஏற்றவை. உங்களுக்கு அல்ல.

கேள்வி (பண்டாரவளை வாசகி): என்னிடம் எக்ஸ்-பிளேன் 11 என்ற சிமுலேட்டர் உள்ளது. மேகங்கள் பஞ்சுத் துண்டுகளை ஒட்டியதுபோல இருக்கின்றன. மேகத்துக்கென்று தனி மென்பொருள் வாங்கலாமா, பதிப்பு 12க்கு மாறலாமா?

பதில்: வரைகலை அட்டை தாங்குமானால் 12க்கு மாறுங்கள். பதினோராம் பதிப்புக்கு மேகக் காட்சிக்காக ஸ்கைமக்ஸ் புரோ, தரவுக்காக அக்டிவ் ஸ்கை, இரண்டுக்குமாக எக்ஸ்என்வைரோ என்று பலவற்றைத் தேடிப் பிடித்தோம். முப்பரிமாண மேகங்கள் 12இல் அதனுடன் சேர்ந்தே வந்துவிட்டன. அதன் வானிலை, அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். என்னும் வானிலைக் கணிப்பு மாதிரியையும் மெட்டாரையும் சேர்த்துப் பயன்படுத்துகிறது.

ஜி.எஃப்.எஸ். மாதிரி நாளுக்கு நான்கு முறை ஓடுகிறது. அது நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்தே கணக்கிடுகிறது; கட்டம் ஒன்று நம் பகுதியில் ஏறத்தாழ 28 கிலோமீற்றர் அகலம். அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரம் அதைவிடக் குறைவு என்பதால், மாதிரியின் கண்ணுக்கு நம் மலைகள் வழித்து மெழுகிய ஒரு மேடு மட்டுமே. எனினும், தென்மேற்குப் பருவத்தில் மேற்குச் சரிவு நனைந்து, மலையைத் தாண்டி இறங்கும் கச்சான் காற்று ஊவாப் பக்கம் உலர்ந்து வீசுவது போன்ற பெரிய வேறுபாடு அதில் தப்பாது. அப்புத்தளை இடைவெளியில் மாலையில் புகுந்து வரும் மூட்டத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி (தலவாக்கலை வாசகர்): பழைய மடிக்கணினி, மைக்ரோசொப்டின் பழைய சிமுலேட்டரான எஃப்.எஸ்.எக்ஸ். மட்டுமே ஓடும். எனக்கும் ஏதேனும் வழி உண்டா?

பதில்: உண்டு. துணை மென்பொருளின் அருமை தெரிவது உங்களைப் போன்றவர்களுக்குத்தான். 2006இல் வெளிவந்த எஃப்.எஸ்.எக்ஸில் காற்று திடீரெனத் திசை மாறி விமானத்தை உதறிவிடும். அக்டிவ் ஸ்கையின் பழைய பதிப்புகள் அதைப் படிப்படியாக மாற்றிச் சமாளிக்கின்றன. ரெக்ஸின் மேகப் படங்கள் வானத்தின் தோற்றத்தையே மாற்றுகின்றன. காற்றின் கணக்கு அதனால் மாறாது. முதலில் காற்றைக் கணக்கிடும் அக்டிவ் ஸ்கையை வாங்குங்கள், ரெக்ஸின் படங்கள் பிறகு. படங்களை நிறுவும்போது குறைந்த துல்லியத்தைத் தேர்ந்தெடுத்தால் மடிக்கணினி மூச்சுவாங்காது.

கேள்வி (மஸ்கெலியா வாசகர்): 1974 டிசம்பர் 4 அன்று ஏழுகன்னியர் மலையில் மோதிய டீ.சீ. 8 விமானம் பற்றி அப்பா அடிக்கடி சொல்வார். அன்றைய வானிலையை எந்த மென்பொருளிலாவது மீட்டெடுத்து அந்தப் பயணத்தைச் செய்து பார்க்க முடியுமா?

பதில்: கடந்தகால வானிலை தரும் மென்பொருள்களின் சேமிப்பு 1974ஐ எட்டாது. நீங்களே கைப்பட அமைக்க வேண்டும். சுரபாயாவிலிருந்து கொழும்புக்கு வந்த அந்த விமானத்தில் 191 பேரும் உயிரிழந்தார்கள்; அவர்களுள் பெரும்பாலானோர் மக்காவுக்குப் புறப்பட்ட யாத்திரிகர்கள். விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் (வேகத்தையும் கடந்த தூரத்தையும் கணக்கிடும் வழிகாட்டிக் கருவி) வானிலை ரேடாரையும் நம்பி, விமான நிலையத்துக்கு இருந்த தூரத்தை விமானிகள் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என்று விசாரணை கூறியது. ஆகவே மேகத்தை எவ்வளவு துல்லியமாக அமைத்தாலும் அன்று நடந்தது புரியாது. இரவு பத்து மணியைத் தெரிவு செய்து, 3,000 அடியிலிருந்து 7,000 அடிவரை மேகம் வைத்து, செய்மதி வழிகாட்டியை அணைத்துவிட்டுக் கிழக்கிலிருந்து வாருங்கள். பிதுருதலாகலை 2,524 மீற்றர், அதாவது ஏறத்தாழ 8,280 அடி என்பதால், நீங்கள் மலைகளைக் கடந்துவிட்டீர்கள் என்று உறுதியாகும்வரை, அதற்கு மேல் ஏறத்தாழ 2,000 அடி இடைவெளி விட்டு, 10,300 அடிக்குக் கீழே இறங்காதீர்கள். அந்த உறுதி எப்போது வருகிறது என்று குறித்து வைத்துக்கொண்டு, பிறகு வரைபடத்தைத் திறந்து உண்மையில் எங்கே இருந்தீர்கள் என்று பாருங்கள்.