செம்புக் கம்பி வெப்பக் கணக்கு: நேரப்படியைக் குறையுங்கள்

வணக்கம். செம்புக் கம்பியில் வெப்பம் பரவுவதைக் கணினியில் கணக்கிடும்போது, புள்ளிகளுக்கிடையே 1 மி.மீ. இடைவெளி, 0.01 விநாடி நேரப்படி (ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம்) வைத்ததும் வெப்பநிலை நேரும் எதிருமாக மாறி மாறி எகிறுகிறது என்கிறீர்கள். நிரலைக் குடைய வேண்டாம், நேரப்படிதான் பெரிது. முன்னோக்கு ஆய்லர் முறையில் (இப்போதைய வெப்பநிலைகளை மட்டும் வைத்து அடுத்ததைக் கணிப்பது) வெப்பப் பரவுமையை, அதாவது பொருளில் வெப்பம் எவ்வளவு விரைவாகப் பரவும் என்ற அளவை, நேரப்படியால் பெருக்கி, இடைவெளியின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது 0.5-ஐத் தாண்டக் கூடாது. செம்பின் பரவுமை சுமார் 0.00011 ச.மீ./விநாடி, உங்களுக்கு 1.1 வருகிறது. 0.004 விநாடி வைத்துப் பாருங்கள், அடங்கிவிடும்.

இடைவெளியைப் பாதியாக்கினால் நேரப்படி கால்பங்காக வேண்டும். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். அவ்வளவு நுணுக்கம் தேவையென்றால் பின்னோக்கு ஆய்லருக்கு (அடுத்த நேரத்து வெப்பநிலைகளையே சமன்பாட்டில் வைத்துத் தீர்ப்பது) மாறுங்கள், அதில் நேரப்படி பெரிதானாலும் இப்படி எகிறாது. ஒவ்வொரு படியிலும் மூன்று மூலைவிட்டங்களில் மட்டும் எண்கள் கொண்ட அணியை, அதற்கென்றே உள்ள விரைவான வழியான தாமஸ் முறையில் தீர்த்தால் போதும். இந்த இரண்டு ஆய்லர் முறைகளின் சராசரியான கிராங்க்-நிக்கல்சன் முறை இன்னும் துல்லியம்தான். ஆனால் முனையில் திடீரென 100 டிகிரி வைத்தால் போலி அலைவு வரும். முதல் சில படிகளைப் பின்னோக்கு ஆய்லரில் ஓட்டிவிட்டு அதற்கு மாறுங்கள்.