மழை விட்ட பிறகும் சொட்டும் நீச்சல் குளக் கூரை

கேள்வி: சிங்கப்பூரின் செங்காங்கில் உள்ள எங்கள் கொண்டோவில் மூடிய நீச்சல் குளம் ஒன்று இருக்கிறது. மேலே உலோகத் தகட்டுக் கூரை, கீழே ஃபால்ஸ் சீலிங். விடிகாலையிலும் மழைக்குப் பிறகும் சீலிங்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, பழுப்புக் கறையும் படிந்திருக்கிறது. ஒரு குத்தகையாளர் (காண்ட்ராக்டர்) தகட்டை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் சீலிங்குக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பு போட்டால் போதும் என்கிறார். நிர்வாகக் குழுவில் சிலர் ஏர்கான் போடலாம் என்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: மூன்றையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். இது ஒழுக்கா, வேர்வையா என்பது முதலில் தெரிய வேண்டும். ஒழுக்கு என்றால் ஏதோ ஓரிடத்தில் வரும், கறையும் அங்கேயே வட்டமாக விரியும். வேர்வை என்றால் திருகாணிகளையும் குறுக்குச் சட்டங்களையும் ஒட்டி வரிசையாகத் துளிக்கும். சீலிங் பலகை இரண்டைக் கழற்றி, விடிகாலையில் டார்ச் அடித்துத் தகட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மழையே இல்லாத நாளிலும் அது முழுக்க நனைந்திருந்தால் தகட்டை மாற்றிப் பயனில்லை. புதுத் தகடும் வேர்க்கத்தான் செய்யும்.

நீங்கள் சொல்லும் நேரங்களை வைத்துப் பார்த்தால் எனக்கு வேர்வையின் மேல்தான் சந்தேகம். கோப்பிக்கடையில் ஐஸ் மைலோ கிளாஸ் வேர்க்கிறதே, அதே கதைதான். காற்றில் உள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் நீராகத் திரளுமோ அதைப் பனிநிலை என்கிறோம். குளக்கூடத்தில் 29 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் பனிநிலை சுமார் 25 டிகிரி. மழை பெய்ததும் மெல்லிய தகடு 23, 24 டிகிரிக்கு இறங்கிவிடும். விளைவு, துளி. அதே 29 டிகிரியில் ஈரப்பதத்தை 60 விழுக்காட்டுக்குக் குறைத்தால் பனிநிலை 20 டிகிரிக்குப் பக்கத்தில் போய்விடும். அதே மழையில் அதே தகடு காய்ந்தே இருக்கும்.

இரவில் மின்சாரத்தை மிச்சப்படுத்த விசிறிகளை நிறுத்தும் வழக்கம் உங்கள் இடத்தில் உண்டா? பல இடங்களில் உண்டு. ஆள் இல்லாவிட்டாலும் குளம் ஆவியாகிக்கொண்டுதான் இருக்கும். 100 சதுர மீட்டர் குளம் என்றால், புழக்கம் உள்ள நேரத்தில் மணிக்குச் சுமார் 10 லிட்டர் நீர் காற்றில் கலக்கும். இரவில் அது குறையும், ஆனால் நிற்காது. அந்த ஈரமெல்லாம் தேங்கி நிற்கும் நேரம் பார்த்து சுமத்ரா புயல்காற்று விடிகாலை மழையைக் கொண்டுவந்தால், கூரை சொட்டாமல் என்ன செய்யும்?

சரி, விசிறியை இரவும் ஓட விட்டால் தீருமா? பாதிதான் தீரும். குளிர்நாட்டுக் கையேடுகள் வெளிக்காற்றை உள்ளே விடச் சொல்லும், ஏனென்றால் அங்கே குளிர்காலக் காற்று வறண்டது. நம் ஊரில் வெளிக்காற்றின் பனிநிலையே ஆண்டு முழுவதும் 24 டிகிரியை ஒட்டி நிற்கிறது. அதை எவ்வளவு இழுத்தாலும் கூடம் அதைவிடக் காயாது. குளோரமின் (குளோரின் வேர்வை, அழுக்குடன் சேர்ந்து உண்டாகும் வாயு) வாடையைப் போக்க வெளிக்காற்று கட்டாயம் வேண்டும். ஈரத்தை எடுக்க டிஹியூமிடிஃபையர்தான் வேண்டும்.

ஏர்கான் யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன். காற்றைக் குளிரவைத்தால் குளம் இன்னும் வேகமாக ஆவியாகும். 28 டிகிரி நீருக்கு மேலே ஈரப்பதம் 60 விழுக்காட்டிலேயே இருந்தாலும், காற்றை 30 டிகிரியிலிருந்து 26-க்கு இறக்கினால் ஆவியாதல் ஏறக்குறைய 40 விழுக்காடு கூடும். நீச்சலடிப்பவர்களுக்கும் நடுங்கும். காற்று நீரைவிட ஒன்றிரண்டு டிகிரி சூடாகவும், ஈரப்பதம் 50 முதல் 60 விழுக்காடாகவும் இருப்பதே சரி. பக்கத்து ஜிம்மின் ஏர்கான் குழாய் இந்தச் சீலிங்குக்கு மேலே போகிறதா என்றும் பாருங்கள். அதன் உறை கிழிந்திருந்தால் அது தனியாக ஒழுகும்.

பிளாஸ்டிக் விரிப்பு தவறான யோசனை இல்லை, ஆனால் தனியாக உதவாது. விளக்கு, ஸ்பீக்கர் ஓட்டைகள் வழியாக ஏறும் காற்று கொண்டுபோகும் ஈரம், பலகைக்குள் ஊடுருவிப் போவதைவிடப் பல மடங்கு அதிகம். ஓட்டைகளை அடைக்காமல் விரிப்புப் போடுவது பணத்துக்குக் கேடு. கண்ணாடி இழை வெப்பக்காப்பு அங்கே இருந்து, அது நனைந்திருந்தால் எடுத்துவிடுங்கள். தகட்டின் அடியில் இடைவெளியின்றி ஒட்டும், ஈரம் எளிதில் புகாத மூடிய நுண்ணறை நுரையே இங்கு ஏற்றது. சீலிங்குக்கு மேலுள்ள இடம் காற்றில்லாத பொந்தாக இருக்கக் கூடாது. டிஹியூமிடிஃபையரின் உலர்ந்த காற்றில் ஒரு பகுதியை அங்கே திருப்புங்கள். முடிந்தால் சீலிங்கையே எடுத்துவிடலாம். கூரையை எந்நேரமும் கண்ணால் பார்க்க முடிவது பெரிய வசதி.

இதைவிட அவசரமானது அந்தப் பழுப்புக் கறை. அது மேலே உள்ள கம்பிகளின் துருவாக இருக்கலாம். சீலிங்கைத் தாங்கும் கம்பிகள் எந்த உலோகம் என்று கேளுங்கள். துருப்பிடிக்காத எஃகு என்று பதில் வந்தால் நிம்மதி அடைய வேண்டாம். சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் 1985-ல் ஒரு நீச்சல் குளத்தின் கான்கிரீட் சீலிங் விழுந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கியவை துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள்தான். குளத்துக் குளோரினிலிருந்து வரும் குளோரைடு உப்பு படிந்து, இழுவிசையில் உள்ளுக்குள் விரிசல் ஓடி முறிந்தன. வழக்கமான 304, 316 ரகங்கள் குளக்கூடத்தில் எடை தாங்கும் வேலைக்கு ஏற்றவை அல்ல. குடியிருப்புக் கட்டடங்களுக்குக் கட்டட, கட்டுமான ஆணையம் 10 ஆண்டுக்கு ஒருமுறை கட்டமைப்புச் சோதனை கேட்கிறது. அதுவரை காத்திருக்காமல் ஒரு நிபுணத்துவப் பொறியாளரை இப்போதே கூப்பிடுங்கள். அவர் பார்த்து முடிக்கும்வரை கறை உள்ள பகுதிக்குக் கீழே யாரும் நீந்த வேண்டாம்.

அப்புறம், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செலவைப் பற்றிக் கேள்வி வரும். ஈரப்பதம் பதியும் சிறு கருவிகள் மூன்றை வாங்கி, குளத்தருகே ஒன்றும் சீலிங்குக்கு மேலே ஒன்றும் வெளியே ஒன்றும் வைத்து, ஒரு மாத அளவுகளைக் குத்தகையாளர்களிடம் கொடுத்து விலை கேளுங்கள். இரவில் குளத்தை மூடும் உறைக்கும் சேர்த்தே விலை கேளுங்கள். ஆவியாதல் குறைந்தால் சிறிய டிஹியூமிடிஃபையரே போதுமானதாக இருக்கலாம்.