"டெஸ்ட்டில் அடிக்குது, தாலி கட்டும்போது அடிக்கலை": ஃப்ளாஷ் டிரிகர் கேள்வி பதில்

ஃப்ளாஷைக் கேமரா தலையிலிருந்து இறக்கி ஸ்டாண்டில் ஏற்றினால் படம் அழகாகிவிடும், தலைவலியும் கூடவே வந்துவிடும். கம்பி இல்லாமல் இரண்டுக்கும் நடுவே சேதி சொல்லும் ரேடியோ டிரிகர்தான் அந்தத் தலைவலி. கல்யாண வீடுகளில் பல வருடமாக இதோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில், கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, கேனான் 1500டி வைத்திருக்கிறேன். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. ஃப்ளாஷ், டிரிகர், ஸ்டாண்ட், வெளிச்சத்தை மென்மையாக்கும் குடை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். மலிவாக ஒரு டிரிகர் பார்த்தேன், ஆர்டர் போட்டுவிடவா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள் தம்பி. கேமராவை எடுத்து, ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூவை ஒருமுறை உற்றுப் பாருங்கள். நடுவில் பெரிதாக ஒரு உலோகப் புள்ளி இருக்கிறதா? "இப்போது அடி" என்று ஃப்ளாஷுக்குச் சொல்வது அந்தப் புள்ளிதான். சுற்றியுள்ள சின்னப் புள்ளிகள், கேமராவும் ஃப்ளாஷும் கம்பெனி பாஷையில் பேசிக்கொள்வதற்கு. கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 போன்ற மாடல்களில் அந்த நடுப் புள்ளியையே எடுத்துவிட்டார்கள். மலிவு டிரிகர்கள் எல்லாமே நடுப் புள்ளியை மட்டும் நம்பி ஓடுபவை. மாட்டலாம், பச்சை விளக்கு எரியும், டெஸ்ட் பட்டனை அமுக்கினால் ஃப்ளாஷ் அடிக்கும். ஷட்டரை அமுக்கினால் மட்டும் அடிக்காது. டிரிகர் பழுது என்று திருப்பி அனுப்பிவிட்டு, இன்னொன்று வரவழைத்து, அதையும் திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

உங்களுக்கு கேனானுக்கென்றே செய்த டிடிஎல் டிரிகர்தான் வழி. டிடிஎல் என்றால் ஃப்ளாஷ் வெளிச்சத்தின் அளவைக் கேமராவே கணக்குப் போட்டு வைப்பது. கோடாக்ஸ் எக்ஸ்2டி-சி மாதிரி ஒன்று, அதிலும் புது ஃபர்ம்வேரோடு, அதாவது அதற்குள் ஓடும் மென்பொருளின் புதுப் பதிப்போடு. கேமராவைக் கடைக்கே எடுத்துப்போய், மாட்டி, ஷட்டரை அமுக்கிப் பத்து முறை அடித்துப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள். ஃப்ளாஷுக்கு கோடாக்ஸ் டிடி600 போதும். அதில் டிடிஎல் கிடையாது, வெளிச்சத்தின் அளவை நாம்தான் வைக்க வேண்டும். ஆனால் டிரிகரின் சேதியை வாங்கும் ரிசீவர் உள்ளேயே இருக்கிறது. மிச்சப் பணத்தில் குடையில் சிக்கனம் செய்யுங்கள், ஸ்டாண்டில் செய்யாதீர்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: சார், டிரிகரில் எது நல்ல பிராண்டு என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்களேன்.

பதில்: ஒரே வார்த்தையில் முடியாது. டிரிகரைத் தனியாகத் தேர்ந்தெடுப்பதே தப்பு என்பது என் கட்சி. ஃப்ளாஷைத் தேர்ந்தெடுங்கள், டிரிகர் தானாக முடிவாகிவிடும். கோடாக்ஸ் ஃப்ளாஷ் என்றால் கோடாக்ஸ் டிரிகர். யாங்னுவோ 560 மார்க் 3 அல்லது 4 கையில் இருந்தால், அதே கம்பெனியின் ஆர்எஃப்-603 அல்லது 560-டிஎக்ஸ். இரண்டு கம்பெனியும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகின்றன. அதனால் ஒன்றோடொன்று பேசும் என்று நினைத்துவிட வேண்டாம். அலைவரிசை ஒன்று, பாஷை வேறு.

ரிசீவர் ஃப்ளாஷுக்குள்ளேயே இருப்பதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், வெளி ரிசீவர் வைத்தால் கூடுதலாக ஒரு ஜோடி செல், ஒரு சுவிட்ச், ஒரு ஷூ இணைப்பு சேர்கிறது. கெட்டுப்போக மூன்று இடம் கூடுகிறது. உள்ளே இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. டிரிகரிலும் அந்த வசதி இருந்தால், மேடையின் அந்தப் பக்கம் குடைக்குள் இருக்கும் ஃப்ளாஷின் பவரைக் கேமராவிலிருந்தே ஏற்றி இறக்கலாம். மலிவு வெளி ரிசீவர்களில் ஒவ்வொரு முறையும் நடந்துபோய் ஃப்ளாஷில் பட்டன் அமுக்க வேண்டும். ஐயர் உட்கார்ந்திருக்கும் மணவறையைச் சுற்றி நான்கு தடவை அப்படிப் போனால், ஐந்தாவது தடவை பெண்ணின் தாய்மாமன் முறைப்பார்.

நாளைக்கு கேனானை விட்டு சோனிக்குப் போனாலும் டிடி600ஐ ஸ்டாண்டில் அப்படியே வைத்துக்கொள்ளலாம். கேமரா மேல் உட்காரும் டிரிகரை மட்டும் சோனி பதிப்பாக மாற்றினால் போதும். முதலீடு பெரும்பாலும் ஃப்ளாஷில்தான் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

திருச்சியிலிருந்து கல்யாண போட்டோகிராஃபர் ஒருவர்: போன முகூர்த்தத்தில் நான் படம் எடுக்காமலே என் ஃப்ளாஷ் அடித்துக்கொண்டிருந்தது. பேட்டரி பாதியிலேயே காலி. பேய் பிடித்த மாதிரி இருந்தது அண்ணா.

பதில்: பேய் இல்லை, மாப்பிள்ளை வீட்டு போட்டோகிராஃபர். அவரும் கோடாக்ஸ் வைத்திருந்திருப்பார், இரண்டு பேருமே டப்பாவிலிருந்து எடுத்தபடி சேனல் 1இல் விட்டிருப்பீர்கள். அவர் ஒரு படம் எடுக்க உங்கள் ஃப்ளாஷும் சேர்ந்து அடிக்கும், நீங்கள் எடுக்க அவருடையதும் அடிக்கும். இதில் வேடிக்கை, அவர் படத்தில் உங்கள் குடை வெளிச்சம் இலவசமாக விழுந்திருக்கும்.

கோடாக்ஸ் எக்ஸ் அமைப்பில் 32 சேனல் இருக்கிறது. எக்ஸ்2டி, எக்ஸ்ப்ரோ மாதிரி டிரிகர்களில் அதற்கு மேல் ஐடி என்று 1 முதல் 99 வரை ஒரு எண்ணும் வைக்கலாம். சேனலும் ஐடியும் இரண்டும் பொருந்தினால்தான் ஃப்ளாஷ் கேட்கும். ஃப்ளாஷிலும் டிரிகரிலும் அதே எண்ணை வைக்க மறந்துவிடாதீர்கள். உங்கள் ஃப்ளாஷ் பழையதாக இருந்து ஐடி வசதி இல்லையென்றால் சேனலை மட்டும் 17, 23 என்று யாரும் நினைக்காத எண்ணுக்கு மாற்றுங்கள். நான் மண்டபத்துக்குள் நுழைந்ததும் எதிர்த்தரப்பு போட்டோகிராஃபரிடம் முதலில் கேட்பது டீ சாப்பிட்டாரா என்று, அடுத்து எந்தச் சேனல் என்று.

ஆப்டிகல் ஸ்லேவ், அதாவது எஸ்1 மோடில் வைத்திருந்தீர்களா என்றும் பாருங்கள். அதில் இருந்தால் விருந்தாளி யாராவது கேமராவில் ஃப்ளாஷ் போட்டால்கூட அதைப் பார்த்து இதுவும் அடிக்கும். கூட்டத்துக்கு அந்த மோடு லாயக்கில்லை.

தஞ்சாவூரிலிருந்து ஒரு தங்கை: காலையிலிருந்து நன்றாக அடித்த ஃப்ளாஷ், சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் அடிக்கவில்லை. டிரிகரை மாற்றிவிடலாமா அண்ணா?

பதில்: மாற்றுவதற்கு முன் என் கதையைக் கேளுங்கள். ஆரம்ப காலத்தில் எனக்கும் இதே நடந்தது. கெட்டிமேளம் முழங்குகிறது, அட்சதை பறக்கிறது, நான் அமுக்குகிறேன், படம் கறுப்பு. மூன்று படம் கறுப்பு, நான்காவதில் வெளிச்சம் வந்தது. ஆனால் முடிச்சு விழுந்துவிட்டது. அன்று இரவு டிரிகரைத் திட்டிக்கொண்டே ஸ்டூடியோவில் உட்கார்ந்து சோதித்தேன். டிரிகரில் ஒரு குறையும் இல்லை. மந்திரம் ஓதும் நேரம் நீண்டபோது நான் படமே எடுக்காமல் நின்றிருக்கிறேன், ஃப்ளாஷ் தூங்கிவிட்டது. மெனுவில் ஆட்டோ பவர் ஆஃப், ஸ்டாண்ட்பை என்று எது இருந்தாலும் முகூர்த்த நாளில் அணைத்துவிடுங்கள். சில டிரிகர்-ஃப்ளாஷ் ஜோடிகளில் ஷட்டரைப் பாதி அமுக்கினால் ஃப்ளாஷ் எழுந்துகொள்ளும், சிலவற்றில் எழாது. வீட்டிலேயே சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த சந்தேகம் டிரிகரின் கால். ஹாட் ஷூவில் நுழைத்ததும் பூட்டுச் சக்கரத்தை முழுவதும் திருகினீர்களா? பாதி திருகி விட்டால், கேமராவை நெடுக்காகத் திருப்பும்போது டிரிகர் ஒரு மயிரிழை சாயும், புள்ளி விலகும். நேராகப் பிடித்தால் அடிக்கும், நெடுக்காகப் பிடித்தால் அடிக்காது என்றால் குற்றவாளி இதுதான். வியர்வைக் கையால் தொட்டுத் தொட்டுப் புள்ளிகளில் அழுக்குப் படலம் படியும். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டால் பளிச்சென்று வரும்.

கூட்டத்தையும் கணக்கில் எடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சும். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர்தான். காலையில் காலி மண்டபத்தில் அடித்தது, மேடையைச் சுற்றி ஐம்பது பேர் நெருக்கியடித்து நிற்கும்போது தடுமாறலாம். ஸ்டாண்டைத் தலைகளுக்கு மேல் உயர்த்துங்கள், ஃப்ளாஷைத் தூணுக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள்.

மதுரையிலிருந்து ஒருவர்: நகைக்கடைக்குப் படம் எடுக்கிறேன். ஃப்ளாஷ் மேசையிலேயே, கேமராவிலிருந்து இரண்டு அடியில் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் விட்டுவிட்டு அடிக்கிறது.

பதில்: பக்கத்தில் இருப்பதுதான் பிரச்சினை. காதுக்குள் கத்தினால் வார்த்தை புரியாது இல்லையா, அந்த மாதிரி. எக்ஸ்2டி, எக்ஸ்ப்ரோ இரண்டிலும் மெனுவில் தூரம் என்று ஒரு அமைப்பு உண்டு: 1 முதல் 100 மீட்டர், அல்லது 0 முதல் 30 மீட்டர். இரண்டாவதை வைத்துப் பாருங்கள். மேசை வேலை செய்பவர்களில் பாதிப் பேர் இதைத் தெரியாமல் டிரிகரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சேலத்திலிருந்து ஒருவர்: படத்தின் கீழ்ப்பக்கம் கறுப்பாக ஒரு பட்டை விழுகிறது. கேனான் 6டி, ஷட்டர் 1/250.

பதில்: 6டியின் சிங்க் வேகமே, அதாவது ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகமே, 1/180தான். அதற்கு மேல் போனால் ஃப்ளாஷ் அடிக்கும் நொடியில் ஷட்டர் திரை மூட ஆரம்பித்திருக்கும், அதன் நிழல்தான் பட்டை. மலிவு டிரிகர்கள் சேதி சொல்லக் கொஞ்சம் தாமதிப்பதும் உண்டு, அதனால் 1/160 அல்லது 1/125 வைத்தால் நிம்மதி. மண்டபத்துக்குள் அதுவே தாராளம்.

வெட்டவெளியில், உச்சி வெயிலில், லென்ஸை அகலத் திறந்து எஃப்2.8இல் எடுக்க ஆசைப்பட்டால் எச்எஸ்எஸ் வேண்டும், அதாவது சிங்க் வேகத்தைத் தாண்டியும் ஃப்ளாஷ் அடிக்கும் வசதி. டிடி600 டிடிஎல் இல்லாத ஃப்ளாஷ் என்றாலும், கோடாக்ஸ் டிரிகரோடு ஸ்டாண்டில் வைத்தால் எச்எஸ்எஸ் செய்யும். ஒரே வெடிப்பாக அடிக்காமல் துடித்துத் துடித்து அடிப்பதால் பவர் நிறையக் குறையும், இரண்டு ஸ்டாப்போ அதற்கு மேலோ போகலாம் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). குடையைக் கழற்றிவிட்டு ஃப்ளாஷை ஆளுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருக்கும். இந்த வேலை அடிக்கடி இருக்கிறது என்றால் டிரிகரை மாற்றிப் பயனில்லை, ஏடி200 மாதிரி பெரிய விளக்குதான் தேவை.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்: அப்பாவின் பழைய ஃப்ளாஷ் ஒன்று இன்னும் ஓடுகிறது. அதை டிரிகரில் மாட்டலாமா?

பதில்: மாட்டும் முன் ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். டிசி வோல்ட்டில் வைத்து, ஃப்ளாஷை முழுதாகச் சார்ஜ் ஏற விட்டு, ஃப்ளாஷின் காலில் உள்ள நடுப் புள்ளிக்கும் பக்கத்து உலோகத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். இன்றைய ஃப்ளாஷ்களில் சில வோல்ட்தான் காட்டும். பழைய விவிட்டார் 283 சிலவற்றில் 200க்கு மேல் காட்டும். நேரடியாகக் கேமராவில் மாட்டினால் கேமராவுக்கே ஆபத்து. ரிசீவரில் மாட்டினாலும் அது எவ்வளவு வோல்ட் தாங்கும் என்று அதன் கையேட்டில் பார்த்த பிறகே. எண் பெரிதாக வந்தால் அப்பாவின் நினைவாக அலமாரியில் வைத்துவிடுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: என்னிடம் யாங்னுவோ 560 மார்க் 4 இருக்கிறது. இப்போது கோடாக்ஸ் வாங்கிவிட்டேன். யாங்னுவோவை விற்றுவிடவா?

பதில்: வேண்டாம். பின்னணிக்கு, சுவரில் அடிக்க, அதையே வையுங்கள். கூட்டம் இல்லாத உள்ளரங்கில் எஸ்1 மோடில் போட்டால் கோடாக்ஸ் அடிப்பதைப் பார்த்து இதுவும் அடிக்கும். கூட்டத்தில் என்றால் அதன் கீழே ஒரு கோடாக்ஸ் ரிசீவர் வைக்க வேண்டும். பவரை மட்டும் கையால்தான் மாற்ற முடியும்.

சென்னையிலிருந்து ஒருவர்: டிரிகரில் கோடாக்ஸ் எக்ஸ்3 வாங்கலாமா, எக்ஸ்2டியா? எக்ஸ்3 தொடுதிரையோடு குட்டியாக அழகாக இருக்கிறது.

பதில்: அழகுதான், பாக்கெட்டில் போட்டால் தெரியவே தெரியாது. ஆனால் பேட்டரி உள்ளேயே பொதிந்திருக்கிறது, சார்ஜ் போட மறந்தால் அன்று கதை முடிந்தது. எக்ஸ்2டியில் இரண்டு பென்சில் செல். மண்டபத்து வாசல் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். அதன் தலையில் இன்னொரு ஹாட் ஷூ இருப்பதால் தேவையானால் மேலே ஒரு ஃப்ளாஷையும் மாட்டலாம். என் பையில் இருப்பது அதுதான். ஷூட் முடிந்து டிரிகரைப் பல நாள் உள்ளே வைக்கப் போகிறீர்கள் என்றால் செல்லைக் கழற்றிவிடுங்கள். அல்கலைன் செல் உள்ளேயே கசிந்து ஸ்பிரிங்கைத் தின்ற டிரிகர்கள் இரண்டு என் மேசை டிராயரில் கிடக்கின்றன.

அதே நபர்: டிடிஎல் ஃப்ளாஷே வாங்கிவிட்டால் என்ன?

பதில்: கையில் பிடித்தபடி கேண்டிட் எடுத்து ஓடுகிறவருக்கு டிடிஎல் வேண்டும். ரிசப்ஷன் மேடையில் ஜோடி நிற்கும் இடம் மாறுவதில்லை, ஃப்ளாஷ் நிற்கும் இடமும் மாறுவதில்லை. ஒருமுறை ஃப்ளாஷ் பவரை 1/8 என்று வைத்தால் கடைசி விருந்தாளி வரை அதே வெளிச்சம். டிடிஎல்லில் விட்டால் வெள்ளை வேட்டிக்காரர் வந்தால் படம் இருண்டுவிடும், கறுப்புக் கோட்டு வந்தால் வெளிறிவிடும். ஆல்பம் போடும்போது உட்கார்ந்து அழ வேண்டியதுதான். அந்தக் காசில் இரண்டாவது டிடி600 வாங்குங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர்: புது மிரர்லெஸ் கேமரா. எல்லாம் சரியாக மாட்டியும் ஷட்டர் அமுக்கினால் ஃப்ளாஷ் அடிக்கவே இல்லை.

பதில்: சைலன்ட் ஷட்டரை அணைத்துப் பாருங்கள். பெரும்பாலான கேமராக்களில் அது ஓடும்போது ஃப்ளாஷை அடிக்க விடாது.

அவரே மறுபடியும்: அடித்துவிட்டது சார்!