சாயும் படகில் 9 டெசிபல் ஆண்டெனா வேண்டாம்

பாய்மரப் படகின் விஎச்எஃப் ரேடியோவுக்கு (கடலில் பேசும் கருவி) 9 டெசிபல் ஆண்டெனா போடலாமா என்று கேட்கிறீர்கள். 9 டெசிபலுக்கு மாறாதீர்கள். பாய்மர உச்சியில் 3 டெசிபல் ஆண்டெனா போடுங்கள், போதும்.

புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து கிளம்பி, காற்றில் படகு சாய்ந்ததும் கடலூர் நண்பருக்குக் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது என்கிறீர்கள். பின்பக்கக் கம்பியில் நிற்கும் அந்த 6 டெசிபல் ஆண்டெனாதான் காரணமாக இருக்கும். டெசிபல் என்பது ஆண்டெனா அலையை எவ்வளவு குவிக்கிறது என்ற அளவு. அது கூடினால் ரேடியோவின் வாட், அதாவது சக்தி, கூடிவிடாது. அதே 25 வாட் தட்டு போல ஒடுங்கிப் பக்கவாட்டில் போகும். படகு சாய்ந்தால் தட்டின் ஒரு விளிம்பு தண்ணீரில், மறு விளிம்பு வானத்தில். 9 போட்டால் இன்னும் மோசம்.

உயரமும் முக்கியம். இரண்டு ஆண்டெனாவும் 3 மீட்டரில் இருந்தால் சுமார் 14 கிலோமீட்டர்தான் எட்டும். இரண்டும் 9 மீட்டரில் என்றால் 25 வரை போகும். உங்களுக்கு வேண்டியது கிட்டத்தட்ட 20.

முதலில் ஒன்று செய்து பாருங்கள். அதே இடத்தில் பாயை இறக்கி, படகை நிமிர்த்திப் பேசுங்கள். தெளிவாகக் கேட்டால் சாய்வுதான் கோளாறு. அப்போதும் இரைந்தால் ஆண்டெனா கேபிளின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். செம்புக் கம்பியில் பச்சை படிந்திருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போய்விட்டது, அந்தக் கேபிளையே மாற்றிவிடுங்கள்.

ஆண்டெனாவைப் பாய்மர உச்சிக்குக் கொண்டுபோகும்போது மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை இழுக்காதீர்கள். 15 மீட்டரிலேயே பாதி சக்தியைத் தின்றுவிடும். ஆர்ஜி-213 கனம்தான், ஆனாலும் அதையே போடுங்கள். அப்புறம், சோதனைப் பேச்சுக்கு 16-ஆம் சேனல் வேண்டாம். அது ஆபத்து அழைப்புக்கானது.