கார்ல் ஸ்டாஃப் யார்? மன்னரோடு மோதிப் பதவி இழந்தவர் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1860இல் ஸ்டாக்ஹோமில் பிறந்த வழக்கறிஞர் அவர். ஸ்வீடனின் லிபரல் கட்சித் தலைவர். 1905இல் முதல்முறை பிரதமரானார். வாக்குரிமையை விரிவாக்கும் அவரது மசோதாவை மேலவை நிராகரித்தது. கீழவையைக் கலைக்க மன்னர் ஒப்பவில்லை, அதனால் அடுத்த ஆண்டே விலகினார்.

1911இல் மீண்டும் வந்தார். 1913இல் எல்லாருக்குமான ஓய்வூதியச் சட்டம் வந்தது இவர் ஆட்சியில்தான். ஆனால் மக்கள் நினைவில் நிற்பது சண்டைதான். புதிய போர்க்கப்பல் கட்டுவதை அவர் நிறுத்தி வைக்க, எதிர்த்தரப்பு பொதுமக்களிடம் வசூல் செய்தே ஒன்றரைக் கோடி குரோனருக்கு மேல் திரட்டிவிட்டது! அவர் முகம் பதித்த சாம்பல் கிண்ணங்கள்கூட விற்பனைக்கு வந்தன. சுருட்டை அந்த முகத்திலேயே அணைக்கலாம். அவ்வளவு வெறுப்பு.

அப்புறம் 1914 பிப்ரவரி 6. முப்பதாயிரத்துக்கும் அதிகமான விவசாயிகள் ராணுவத்தை பலப்படுத்தக் கோரி அரண்மனை முற்றத்தில் திரண்டார்கள். மன்னர் ஐந்தாம் குஸ்தாவ், அமைச்சரவையைக் கேட்காமலே, அதன் கொள்கைக்கு எதிராகப் பேசினார். அந்த உரையை எழுதித் தந்ததில் பயண ஆய்வாளர் ஸ்வென் ஹெடினுக்கும் பங்குண்டு. மக்கள் தேர்ந்தெடுத்த அரசு இருக்க, மன்னர் தனியாகக் கொள்கை பேசலாமா என்பதுதான் ஸ்டாஃபின் கேள்வி. என் பார்வையில் அது நியாயமான கேள்வி. மன்னர் இறங்கி வராததால் அமைச்சரவை பதவி விலகியது.

1915 அக்டோபரில் அவர் இறந்தார். இரண்டே ஆண்டுகளில், 1917இல், மன்னர் நாடாளுமன்றப் பெரும்பான்மைக்கு வழிவிட, லிபரல் நீல்ஸ் ஏடேன் பிரதமரானார்.